ஃபமகுஸ்தாவுக்குள் நான்கு பேர்

டாங்கிக்குள் ஜன்னல் கிடையாது. ஐம்பது டன் எஃகுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்கு வெளியுலகம் தெரிவது சில குறுகலான கண்ணாடிப் பட்டைகள் வழியாகத்தான். எஞ்சின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. காதோடு பொருத்திய கருவியில்தான் பேசிக்கொள்ள வேண்டும். எதிரி சுட்டால் அந்தச் சத்தம் வந்து எச்சரிக்கும் என்றும் நம்ப முடியாது. டாங்கிக் குண்டு ஒலியைவிடப் பல மடங்கு வேகமாகப் பறப்பது. குண்டு வந்து மோதிய பிறகுதான் சத்தம் வரும்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 16 அன்று, பஞ்சாப் எல்லையை ஒட்டிய ஷகர்கர் பகுதியில், இப்படி ஒரு பெட்டிக்குள் இருந்த 21 வயது அதிகாரிக்கு ரேடியோவில் உத்தரவு வந்தது. அவருடைய டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்திருந்தது. விட்டுவிட்டு வெளியே வா என்றார்கள். வர மாட்டேன், என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்பதுதான் அவர் சொன்ன பதிலின் சாரம். அவர் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால். 17 பூனா ஹார்ஸ் படைப்பிரிவு. அதிகாரியாகப் பொறுப்பேற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா பெற்றார்.

அந்தப் பதிலை எல்லாரும் வீர முழக்கமாகச் சொல்லிச் சிலிர்க்கிறோம். சிலிர்க்க வேண்டியதுதான். ஆனால் அதே வாக்கியத்துக்குள் ஒரு பரிசோதனை அறிக்கையும் இருக்கிறது. அடிபட்ட டாங்கியில் பீரங்கி வேலை செய்கிறது என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் எத்தனை சக்கரங்கள், எத்தனை கம்பிகள், எத்தனை கைகள் உயிரோடு இருந்தாக வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது நமக்குப் புரியாது. ஆகவே டாங்கிக்குள் இறங்கிப் பார்ப்போம்.

அவருடைய டாங்கி பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட சென்சூரியன் வகை. சைப்ரஸ் நாட்டின் துறைமுக நகரமான ஃபமகுஸ்தாவின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். முன்பகுதியில் வலப்பக்கம் டிரைவர். மேலே சுழலும் கோபுரத்தில் மூன்று பேர். பீரங்கிக்கு வலப்பக்கம் குறிபார்த்துச் சுடும் கன்னர், அவருக்குப் பின்னால் சற்று உயரத்தில் கமாண்டர், இடப்பக்கம் குண்டு நிரப்பும் லோடர். ரேடியோவைப் பார்த்துக்கொள்வதும் லோடர்தான். இவர்களைச் சுற்றி அறுபதுக்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவ்வளவு வெடிமருந்தின் நடுவில், முழங்காலை முழுதாக நீட்ட முடியாத இடத்தில்தான் வேலை. இதே இடத்துக்குள் வெந்நீர் போட ஒரு மின்பாத்திரமும் வைக்கும் வழக்கத்தைப் பிரிட்டிஷ்காரர்கள் சென்சூரியனில்தான் தொடங்கினார்கள். தேநீருக்காக வெளியே இறங்கும் வீரர்கள் சுடப்படுவதைத் தடுக்க அது நல்ல வழியாக இருந்தது.

இந்த 52 டன் எடையை இழுப்பது ஆகாயத்திலிருந்து இறங்கி வந்த எஞ்சின். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தைப் பறக்கவைத்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினிலிருந்து, உயரத்தில் காற்றை அழுத்தித் தரும் பாகத்தைக் கழற்றிவிட்டு, தரைக்கு ஏற்றபடி மாற்றியதுதான் மீட்டியார். 12 சிலிண்டர்கள். கொள்ளளவு 27 லிட்டர். நம் ஊர்ச் சின்னக் கார்களின் எஞ்சின் ஒரு லிட்டருக்கு முன்பின்தான். மீட்டியாரின் திறன் 650 குதிரைத்திறன். அவ்வளவு இருந்தும் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டாது. எரிபொருள் பெட்ரோல். இது பின்னால் முக்கியமாகும்.

இத்தனை கனம் சேற்றில் புதைய வேண்டுமே, ஏன் புதைவதில்லை? சென்சூரியனின் ஒவ்வொரு சங்கிலிப் பட்டையும் 61 சென்டிமீட்டர் அகலம். தரையில் படியும் நீளம் நாலரை மீட்டருக்கு மேல். இரண்டு பட்டைகளின் பரப்பையும் கூட்டி எடையை வகுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் மண் தாங்குவது ஒரு கிலோவுக்கும் குறைவு. காருக்கு நாம் அடிக்கும் காற்றின் அழுத்தமே சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. மண்ணைப் பொறுத்தவரை, கார் டயரைவிட இந்த டாங்கி மெதுவாகத்தான் மிதிக்கிறது.

அந்தப் பட்டைதான் அதன் பலவீனமும். நூறுக்கும் மேற்பட்ட எஃகுக் கண்ணிகளை ஆணி கோத்து இணைத்த மாலை அது. ஒரு கண்ணி உடைந்தால் பட்டை உருவிக்கொண்டு போகும். பிறகு டாங்கி நகராது. கண்ணிவெடி குறிவைப்பது இதைத்தான். டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடியை ஒரு மனிதன் மிதித்தால் பொதுவாக வெடிக்காது. நூறு கிலோவுக்கு மேல் பாரம் ஏறினால்தான் வெடிக்கும்படி அதன் மூடியை அமைத்திருப்பார்கள். விலையுயர்ந்த இரைக்காகக் காத்திருக்கும் பொறி.

ராவியில் கலக்கும் பசந்தர் ஆற்றங்கரையில் இப்படிப்பட்ட பொறிகளைப் பாகிஸ்தான் படை அகலமான பரப்பில் புதைத்து வைத்திருந்தது. டிசம்பர் 15 இரவு, இந்தியாவின் 47-வது காலாட்படை பிரிகேடின் வீரர்கள் ஆற்றைக் கடந்தார்கள். 3 கிரெனடியர்ஸ் ஜர்பால் கிராமத்தைப் பிடித்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 16-வது பட்டாலியன் சராஜ் சக் என்ற இடத்தைப் பிடித்தது. நீலகிரி வெலிங்டனைத் தலைமையகமாகக் கொண்ட ரெஜிமென்ட் அது. அந்த பட்டாலியனின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் இந்தப் போரில் உயிர் நீத்து மகாவீர் சக்ரா பெற்றார். அக்கரை பிடிபட்டுவிட்டது. ஆனால் துப்பாக்கியும் பதுங்குகுழியும் மட்டும் வைத்துக்கொண்டு டாங்கிகளை எதிர்த்து எத்தனை நேரம் தாங்க முடியும்? விடிவதற்குள் நம் டாங்கிகள் அக்கரை சேர்ந்தாக வேண்டும்.

இடையில் கண்ணிவெடிகள். பொறியாளர் படையினர் பாதை திறந்துகொண்டிருந்தார்கள். பாதிதான் முடிந்திருந்தது. எதிரி டாங்கிகளின் இரைச்சல் கேட்கிறது என்று அக்கரையிலிருந்து செய்தி வந்தபோது, பூனா ஹார்ஸின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஹனுத் சிங் காத்திருக்கவில்லை. முழுதாகத் திறக்காத பாதையிலேயே டாங்கிகளை நடத்தச் சொன்னார். அந்த இருட்டில், முன்னால் போன டாங்கியின் தடத்தை விட்டு ஒரு முழம் விலகினாலும் என்ன நடக்கும் என்பது ஒவ்வொரு டிரைவருக்கும் தெரியும். விடிவதற்குள் டாங்கிகள் காலாட்படையோடு போய்ச் சேர்ந்துவிட்டன. அன்றைய பகல் சண்டையை விட இந்த இரவுப் பயணத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். பகலில் நடந்த எதுவும் இது இல்லாமல் நடந்திருக்காது.

காலை 8 மணிக்குப் புகைத்திரை போட்டுக்கொண்டு பாகிஸ்தான் டாங்கிகள் ஜர்பாலை நோக்கி வந்தன. 13 லான்சர்ஸ் படைப்பிரிவு. அமெரிக்கப் பாட்டன் டாங்கிகள். ஜர்பால் பக்கம் இருந்த பூனா ஹார்ஸின் பி ஸ்குவாட்ரன் உதவி கேட்டது. ஏ ஸ்குவாட்ரனிலிருந்து கிளம்பியவர்களில் ஒருவர் கேத்தர்பால்.

இப்போது குண்டு சுடும் கலைக்கு வருவோம். டாங்கிச் சண்டையில் சுடுவது என்பது ஒரு விசையை இழுக்கும் வேலை இல்லை. நான்கு பேர் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய தொடர் ஓட்டம். எதிரியை முதலில் காண வேண்டியவர் கமாண்டர். கண்ணாடிப் பட்டைகளை நம்பாமல் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதே பெரும்பாலான கமாண்டர்களின் வழக்கம். தலைக்கு ஆபத்து. ஆனால் கண் தெரிகிறது. கண்டதும் எந்த வகைக் குண்டு, எந்தத் திசை, எவ்வளவு தூரம், என்ன இலக்கு என்று அடுக்கிச் சொல்வார். அவரே கோபுரத்தைத் தோராயமாகத் திருப்பியும் விடுவார். கன்னர் தன் தொலைநோக்கியில் இலக்கைப் பிடித்து நுணுக்கமாகக் குறிவைப்பார். அதற்குள் லோடர், கையால் தூக்கிச் சுமக்க வேண்டிய அந்த நீள் குண்டை அடுக்கிலிருந்து உருவி, பீரங்கியின் பின்வாயில் மூடிய முஷ்டியால் தள்ளி ஏற்றுவார். விரலால் தள்ளினால் மூடும் எஃகுக் கதவு விரலைக் கொண்டுபோய்விடும்.

ஏற்றியதும் லோடர் ஓரமாக ஒதுங்கி ஒரு பாதுகாப்பு சுவிட்சைத் தட்டுவார். அதைத் தட்டாதவரை கன்னர் சுட முடியாது. காரணம் இருக்கிறது. குண்டு கிளம்பும் கணத்தில் பீரங்கியின் பின்பகுதி முழுவதும் கோபுரத்துக்குள் பின்னோக்கிப் பாயும். வழியில் ஆள் இருந்தால் நசுங்கிவிடுவார். பாய்ந்து திரும்பும்போது கதவு தானே திறந்து, கொதிக்கும் வெற்று உறையைத் துப்பும். புகையும் வெடிமருந்து நெடியும் கோபுரத்தை நிறைக்கும். அந்தப் புகைக்குள் லோடரின் கை அடுத்த குண்டைத் தேடத் தொடங்கியிருக்கும். தேர்ந்த குழு ஏறக்குறைய பத்து விநாடிக்கு ஒரு முறை இத்தனையையும் முடித்துவிடும்.

டாங்கி மேடுபள்ளத்தில் குலுங்கும்போது பீரங்கி மட்டும் ஆடாமல் இலக்கையே பார்த்துக்கொண்டிருக்கும் வித்தையும் சென்சூரியனில் இருந்தது. நிலைநிறுத்தி என்று அந்தக் கருவியைச் சொல்லலாம். வேகமாகச் சுழலும் பம்பரம் சாய மறுக்கிறதே, அந்த விதிதான் இதன் அடிப்படை. சுழல்காட்டி என்ற சிறு சக்கரம் பீரங்கியோடு பொருத்தப்பட்டுச் சுழன்றுகொண்டிருக்கும். பீரங்கி கொஞ்சம் தாழ்ந்தாலோ விலகினாலோ அது உணர்ந்து மின்மோட்டாருக்குச் சொல்லும். மோட்டார் உடனே சரிசெய்யும். துல்லியமாகச் சுட வேண்டுமானால் டாங்கி நிற்கத்தான் வேண்டும். ஆனால் நின்ற கணமே சுடுவதற்கு, பீரங்கி ஏற்கனவே சரியான பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய சேமிப்பு!

அடுத்த அதிசயம் குண்டுக்குள் இருக்கிறது. தடித்த கவசத்தைத் துளைக்க வெடிமருந்து தேவையில்லை. வேகம் போதும். இதில் ஒரு முரண்பாடு உண்டு. பீரங்கிக் குழாய்க்குள் குண்டு அகலமாக இருந்தால்தான் வாயு அதன் முதுகில் பலமாக அழுத்தும், வேகம் கூடும். வெளியே வந்த பிறகோ அது ஒல்லியாக இருந்தால்தான் காற்று தடுக்காது, கவசத்தில் ஒரே புள்ளியில் பாயும். அகலமாகவும் இருக்க வேண்டும், ஒல்லியாகவும் இருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் பெர்மட்டர், காப்பாக் என்ற இருவர் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். டங்ஸ்டன் கார்பைடால் ஆன ஒல்லியான உள்தண்டு. அதைச் சுற்றி எடை குறைந்த அகலமான சட்டை. குழாய்க்குள் இரண்டும் சேர்ந்து ஓடும். வாயைத் தாண்டியதும் சட்டை சிதறி விழும், தண்டு மட்டும் பறக்கும். படைவீரர்கள் இதை ‘சாபோ’ என்பார்கள். கழலுறைக் குண்டு என்று நாம் வைத்துக்கொள்ளலாம். 1944-லேயே போர்க்களம் கண்டுவிட்டது. சென்சூரியனுக்கும் இதுதான் முதன்மை ஆயுதம். பிற்பாடு ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்த விஜயந்தா டாங்கியும் இதே வகைக் குண்டைச் சுட்டது.

அந்தத் தண்டு கிளம்பும் வேகம் விநாடிக்கு 1,400 மீட்டருக்கு மேல். ஒலியைவிட நான்கு மடங்கு. பறக்கும் பகுதியின் எடையை 4 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால் அதில் இருக்கும் ஆற்றல், மின்சார வாரியம் நமக்குக் கணக்கெழுதும் ஒரு யூனிட்டை விடச் சற்று அதிகம். ஒரு யூனிட்தானா என்று தோன்றும். அந்த ஒரு யூனிட் முழுவதும், சில சென்டிமீட்டர் அகலத்தில், கண்ணால் அளக்க முடியாத கணத்தில் எஃகின் மேல் கொட்டுகிறது. எஃகு களிமண்ணாக நடந்துகொள்ளத் தொடங்குகிறது.

வேகத்தால் இன்னொரு லாபமும் உண்டு. பசந்தரில் அது இந்தியர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். ஒரு கிலோமீட்டர் தூரத்தை இந்தக் குண்டு முக்கால் விநாடிக்குள் கடக்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதைக் கீழே இழுப்பது இரண்டரை மீட்டர் அளவுக்குத்தான். கமாண்டர் தூரத்தைத் தவறாகக் கணித்து, 1,000 மீட்டரில் உள்ள டாங்கியை 800 மீட்டர் என்று சொல்லிவிட்டார் என்று வையுங்கள். குண்டு எவ்வளவு தாழ்வாகப் போகும்? ஏறக்குறைய ஐம்பது சென்டிமீட்டர். மூன்று மீட்டர் உயர டாங்கியின் நடுவில் குறிவைத்திருந்தால் அப்போதும் அடி விழும். பாதி வேகத்தில் போகும் குண்டாக இருந்தால் அதே தவறுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் தாழ்ந்து மண்ணில் குத்தும். வேகமான குண்டு, மனிதக் கண்ணின் பிழையை மன்னித்துவிடுகிறது.

பாட்டன் டாங்கியை வடிவமைத்தவர்கள் வேறு வழியில் போனார்கள். கோபுரத்தின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு கண்ணாடி வைத்து, நம் இரு கண்களும் தூரத்தை உணர்வது போலவே இரண்டு பிம்பங்களையும் பொருத்திப் பார்த்துத் தூரத்தை அளக்கும் மானி அதில் உண்டு. அந்த அளவை வாங்கிப் பீரங்கியின் உயரத்தைக் கணக்கிட்டுத் தரும் பற்சக்கரக் கணிப்பொறியும் உண்டு. அழகான இயந்திரம். தொலைதூரத்துக்கு அது சிறப்பாக உதவும். ஆனால் புகைக்குள், சில நூறு மீட்டரில், பிம்பத்தைப் பொருத்திப் பார்க்க நேரம் யாருக்கு இருக்கிறது? பாட்டன் சிக்கலான டாங்கி, அதனால் தோற்றது என்று சிலர் ஒரே வரியில் முடிப்பதை நான் ஏற்பதில்லை. அதை ஓட்டி வந்தவர்கள் திறந்தவெளியில் மறுபடி மறுபடி முன்னேறினார்கள். இந்தியப் பக்கம் காத்திருந்து சுட்டது. நின்று சுடுபவருக்கும் நகர்ந்து வருபவருக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது.

கேத்தர்பால் நின்று சுட்டவர் மட்டுமில்லை. ஜர்பாலுக்குப் போகும் வழியிலேயே எதிரியின் அரண்களும் பின்னுதைப்பில்லாத பீரங்கிக் குழிகளும் குறுக்கிட்டன. சுடும்போது பின்பக்கம் வாயுவைப் பீறிட்டு உதைப்பைச் சமன்செய்யும் இலகுவான பீரங்கி அது. ஜீப்பில் ஏற்றிச் செல்லலாம், டாங்கியையே வீழ்த்தலாம். அந்த அரண்களின் மேலேயே கேத்தர்பால் டாங்கியை ஏற்றிப் போனார். அங்கிருந்த வீரர்களைக் கைத்துப்பாக்கி முனையில் பிடித்தார். அவருடைய பிரிவில் இன்னொரு டாங்கியின் கமாண்டர் உயிரிழந்தார். பிறகும் தொடர்ந்தார். எதிரி டாங்கிகள் பின்வாங்கியபோது துரத்திப் போய் ஒன்றை அழித்தார். இதையெல்லாம் அவருடைய விருதுக் குறிப்பே பதிவு செய்திருக்கிறது.

எதிரிகள் மறுபடி அணிவகுத்து வந்தார்கள். இந்த முறை அவர்கள் தேர்ந்த இடத்தில் மூன்றே மூன்று இந்திய டாங்கிகள் இருந்தன. அவற்றில் ஒன்று கேத்தர்பாலுடையது.

இங்கே ஒரு கணித விதியைச் சொல்ல வேண்டும். 1916-இல் பிரெடரிக் லான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் போரைச் சமன்பாட்டில் எழுதிப் பார்த்தார். தூரத்திலிருந்து எல்லாரும் எல்லாரையும் சுடக்கூடிய சண்டையில் ஒரு படையின் பலம் அதன் எண்ணிக்கையாக இருப்பதில்லை, எண்ணிக்கையின் வர்க்கமாக இருக்கிறது என்று கண்டார். ஏன்? கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டாங்கியும் இரண்டு வேலை செய்கிறது. எதிரியைக் கூடுதலாகச் சுடுகிறது. எதிரியின் குண்டுகளையும் பலருக்கிடையே பங்கு போடுகிறது. மூன்று டாங்கிகளின் பலம் 9. ஒன்று போனால் மிச்சம் 6 இல்லை, 4. இரண்டு போனால் 1. உண்மைப் போர்க்களம் சமன்பாட்டுக்குச் சரியாகக் கட்டுப்படாது. ஆனால் மூன்றில் ஒன்று விலகுவது மூன்றில் ஒரு பங்கு இழப்பு ஆகாது என்பதைப் போர்வீரர்கள் கணக்குப் போடாமலே உணர்ந்திருப்பார்கள்.

அந்தக் கணக்கு கண்முன்னே நடந்தது. மூன்றில் ஒன்று அடிபட்டது. இன்னொன்றின் பீரங்கி செயலிழந்தது. அந்தச் சண்டையில் பத்து எதிரி டாங்கிகள் வீழ்ந்தன. நான்கை வீழ்த்தியது ஃபமகுஸ்தா. பிறகு அதுவும் அடிபட்டது.

டாங்கி அடிபடும்போது உள்ளே நடப்பது எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. சென்சூரியனின் முன் கவசத்தின் தடிமன் 76 மில்லிமீட்டர்தான். ஆனால் அதை நேராக நிறுத்தாமல் 57 பாகை பின்னால் சாய்த்திருக்கிறார்கள். சாய்ந்த பலகையை நேர்க்கோட்டில் கடக்க அதிக தூரம் போக வேண்டும். 76 மில்லிமீட்டர் எஃகு, நேரே வரும் குண்டுக்கு 140 மில்லிமீட்டராகி நிற்கும். கூடுதல் எடை ஏதுமில்லாமல் கிடைத்த பாதுகாப்பு அது. அதையும் மீறித் துளைத்தால் குண்டு மட்டும் உள்ளே வருவதில்லை. கவசத்தின் உட்பக்கத்திலிருந்து பெயர்ந்த எஃகுச் சில்லுகள் செஞ்சூட்டோடு சிதறி வரும். அவை மனிதர்களைத் தைக்கலாம். அடுக்கிய குண்டுகளின் மருந்தைப் பற்றவைக்கலாம். மருந்து பற்றினால் வெளியேறச் சில விநாடிகள்கூடக் கிடைக்காது. எஞ்சின் பக்கம் பெட்ரோல் எரிந்தால், இடையில் இருக்கும் இரும்புத் தடுப்பு கொஞ்ச நேரம் தாங்கும். எவ்வளவு நேரம் என்று உள்ளிருப்பவருக்குத் தெரியாது.

இன்னொரு வேறுபாடும் இங்கே பேசியாக வேண்டும். பாட்டனின் கோபுரம் எண்ணெய் அழுத்தத்தில் திரும்பும். அந்த எண்ணெய் தீப்பற்றக்கூடியது. குழாய் உடைந்தால் உள்ளே பீய்ச்சியடித்து எரியும். 1973 அரபு-இஸ்ரேல் போரில் பாட்டன் ஓட்டிய இஸ்ரேலியப் படையினர் இதைக் கொடும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். சென்சூரியனின் கோபுரம் மின்சாரத்தில் திரும்புவது. எரிய எண்ணெய் இல்லை. மின்சாரம் போனாலும் கையால் சுற்றித் திருப்பச் சக்கரக் கைப்பிடிகள் உண்டு. மெதுவாகத்தான் திரும்பும். ஆனால் திரும்பும்.

இப்போது அந்த ரேடியோ பதிலை மறுபடி படிக்கலாம். பீரங்கி வேலை செய்கிறது என்றால், குழாய் வளையவில்லை. பின்கதவு சிக்கவில்லை. கோபுரம் மின்சாரத்திலோ கையாலோ திரும்புகிறது. கன்னரின் தொலைநோக்கிக் கண்ணாடி உடையவில்லை. சுடும் மின்சுற்று அறுந்துபோகவில்லை. குண்டுகள் எட்டும் இடத்தில் இருக்கின்றன. இதையெல்லாம் படுகாயமடைந்த ஒருவர், புகைக்கு நடுவில், சில விநாடிகளில் பார்த்து முடித்திருக்கிறார். அவருடைய தந்தை ராணுவப் பொறியாளர் படையின் அதிகாரி. எது உடைந்தது, எது மிச்சம் என்று பார்க்கும் கண் அந்தக் குடும்பத்தில் இருந்தது என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. மரணத்தைப் பற்றி நினைக்காதவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எரியும் டாங்கியில் அதை நினைக்காமல் இருக்க முடியாது. அதை நினைத்துக்கொண்டே அவர் டாங்கியின் பாகங்களை எண்ணினார்.

அவர் சுட்ட கடைசி டாங்கி அவரிடமிருந்து வெறும் நூறு மீட்டர் தொலைவில் இருந்தது. நூறு மீட்டரை அந்தக் குண்டு கடக்கும் நேரம் ஒரு விநாடியில் நூற்றில் ஏழு பங்கு. இமை மூடித் திறக்க அதைவிட அதிக நேரம் ஆகும். அந்தத் தூரத்தில் தூரமானிக்கு வேலையில்லை, கவசத்தின் சாய்வுக்கும் பெரிய வேலையில்லை. யார் கோபுரம் முதலில் திரும்பியது, யார் லோடர் முதலில் ஏற்றினார் என்பது மட்டும்தான். இன்னொரு குண்டு ஃபமகுஸ்தாவைத் தாக்கியது. கேத்தர்பால் உயிரிழந்தார். எதிரி டாங்கிகள் அந்த வழியாக உள்ளே புகவில்லை. அன்று மாலை டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் மேற்கு எல்லையிலும் போர் நின்றது.

அவரைச் சுட்டதாகப் பின்னாளில் சொன்னவர் 13 லான்சர்ஸ் படையின் மேஜர் குவாஜா முகமது நாசர். 2001-இல் கேத்தர்பாலின் தந்தை, அப்போது 81 வயது பிரிகேடியர், தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தானுக்குப் போனார். லாகூரில் நாசரின் வீட்டில்தான் தங்கினார். அவர் கிளம்புவதற்கு முன் நாசர் அந்த உண்மையைச் சொன்னார். உங்கள் மகன் மலைபோல் நின்றார், அவரால்தான் நாங்கள் தோற்றோம் என்ற பொருளில் பேசினார் என்று இந்தச் சந்திப்பைப் பதிவு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எதிரியின் இந்தச் சாட்சியத்தைப் பதக்கத்துக்கு நிகராகவே நான் மதிக்கிறேன்.

ஃபமகுஸ்தா இன்று மகாராஷ்டிர மாநிலம் அகமதுநகரில், கவசப் படையின் பயிற்சி மையத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஊரின் பெயர் இப்போது அகில்யாநகர். கேத்தர்பால் தன் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியை முடிக்காமல் போருக்குப் புறப்பட்டதும் அதே ஊரிலிருந்துதான்.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை இருக்கிறது. அந்த நான்கு டாங்கிகளையும் தொலைநோக்கியில் பிடித்துச் சுட்டது கன்னர் நாத்து சிங்கின் கையும் கண்ணும். ரேடியோவைக் கவனித்தவர் நந்த் சிங், குழுவில் முதலில் உயிரிழந்தவர். கண்ணிவெடிப் பரப்பின் ஊடாக இரவில் ஓட்டி வந்து, பகல் முழுவதும் கோபுரத்துக்குக் கீழே தனியாக உட்கார்ந்து, மேலே நடப்பதைக் காதால் மட்டுமே அறிந்து ஓட்டியவர் டிரைவர் பிரயாக் சிங். நாத்து சிங்கும் பிரயாக் சிங்கும் படுகாயங்களோடு பிடிபட்டார்கள். பின்னாளில் நாத்து சிங் கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றார். வெளியே வர மாட்டேன் என்று கமாண்டர் ரேடியோவில் சொன்னது ஒருமையில். உள்ளே இருந்த மற்றவர்களும் அந்தச் சொல்லைக் காதுக் கருவியில் கேட்டிருப்பார்கள். அதற்குப் பிறகும் ஃபமகுஸ்தா சுட்டது. கன்னர் தன் இடத்தை விட்டு எழுந்திருந்தால் அந்தக் குண்டு கிளம்பியிருக்காது.